ஆனை இறங்கும் பாதையில் வாகன வரிசை

விடிகாலையிலேயே போடிமெட்டு சோதனைச் சாவடி சுறுசுறுப்பாகிவிடுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை முனகிக்கொண்டே ஏறி வரும் ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தலையில் முண்டாசு, மடியில் தூக்குவாளி. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சற்று நேரம் கழித்து அதே சாலையில் இன்னொரு வரிசை வருகிறது. கூரையில் பெட்டிகள், ஜன்னலில் தொப்பி போட்ட குழந்தைகள், வளைவுக்கு ஒரு முறை நிறுத்திப் போட்டோ எடுக்கும் அப்பாக்கள்.

இரண்டு வரிசைகளும் போவது ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான். பூப்பாறை, சாந்தன்பாறை, ஆனையிறங்கல். முதல் கூட்டம் பிழைக்கப் போகிறது, இரண்டாவது கூட்டம் பார்க்கப் போகிறது. பார்க்கப் போகிறவர்கள் காசு கொடுத்துப் பார்க்கும் பச்சைச் சரிவுகள் எல்லாம் பிழைக்கப் போகிறவர்களின் வேலைத்தலம். இரண்டு கூட்டத்துக்கும் முன்பே அங்கே நடமாடிக்கொண்டிருந்த மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. அதற்கு ஜீப் வேண்டாம், சாலையும் வேண்டாம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை தாலுகாவில் இருக்கிறது சாந்தன்பாறை. மூணாறுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அண்மைக்காலம்வரை இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. தேக்கடிக்கும் மூணாறுக்கும் நடுவே கார் ஜன்னல் வழியே ஓடி மறைகிற ஒரு மலைக் கடைவீதி, அவ்வளவுதான். பலசரக்குக் கடை, ஏலக்காய் வாங்கும் கடை, உரக்கடை, டீக்கடை. மலையாளத்தில் பேச்சை ஆரம்பித்தால் பதில் தமிழில் வரும். 1956ல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது இந்த மலைகள் கேரளத்தோடு நின்றன. மலையில் வேலை பார்த்த கைகள் மட்டும் அன்றும் இன்றும் பெரும்பாலும் தமிழ்க் கைகள்.

இந்தப் பகுதிக்கு உயிர்நாடி பன்னியாறு. சின்னக்கானல் பக்கத்து மலைகளில் பிறந்து, பூப்பாறையைத் தொட்டுக்கொண்டு ஓடி, கடைசியில் முதிரப்புழை வழியாகப் பெரியாற்றில் கலக்கிறது. ஆற்றங்கரைத் தொழில் ஊர் என்றால் சாயப்பட்டறையும் கரும்புகையும் நினைவுக்கு வரும். இங்கே அவையெல்லாம் கிடையாது. இந்த ஆற்றின் தொழில் மின்சாரம். மேலே ஆனையிறங்கலில் ஓர் அணை நீரைத் தேக்குகிறது. கீழே ராஜாக்காடு அருகே 1963ல் கட்டி முடிக்கப்பட்ட பொன்முடி அணை மறுபடி தேக்குகிறது. (திருவனந்தபுரத்துக்காரர்கள் சொல்லும் பொன்முடி வேறு.) அங்கிருந்து சுரங்கக் கால்வாயிலும் ராட்சதக் குழாய்களிலும் பாய்ந்து வெள்ளத்தூவலில் உள்ள மின் நிலையத்தில் விசையாழிகளைச் சுழற்றுகிறது தண்ணீர்.

பொன்முடி இன்று சுற்றுலாத் தலம். படகு உண்டு. அருகிலேயே ஒரு தொங்குபாலம் உண்டு, அதில் நடக்கும்போது ஆடுவதில் ஒரு திகில் உண்டு. ஆனால் இந்த அழகிய நீர்ப்பரப்பின் மறுமுனையில் எவ்வளவு ஆக்ரோஷம் அடைபட்டுக் கிடக்கிறது என்பதை 2007 செப்டம்பர் 17 அன்று வெள்ளத்தூவல் பார்த்தது. பன்னியாறு மின் நிலையத்துக்கு நீர் கொண்டுவரும் அழுத்தக் குழாய் வெடித்தது. பணியில் இருந்த மின் வாரிய ஊழியர்கள் உயிரிழந்தார்கள். மலைச்சரிவில் இருந்த வீடுகளும் தோட்டங்களும் அடித்துச் செல்லப்பட்டன. படகுத் துறையில் டிக்கெட் வாங்குகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல அந்த ஊரில் ஆள் இருக்கிறது.

ஆனையிறங்கலின் கதை வேறு. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: ஆனை இறங்கும் இடம். தேக்கத்தைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள், அதற்குப் பின்னால் சோலைக்காடு, அதற்கும் பின்னால் மேகம். மூணாறிலிருந்து போடி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், லாக்கார்ட் கணவாயைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது, ஒரு திருப்பத்தில் நீர்ப்பரப்பு சட்டென்று கண்ணில் விழும். இந்தியாவின் மிக அழகான சாலைத் திருப்பங்களுக்கு யாராவது பட்டியல் போட்டால் இதற்கும் ஓர் இடம் தர வேண்டும்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது தேக்கத்தின் விளிம்பில் புல் முளைக்கிறது. தேயிலையை யானை தின்பதில்லை. மைல் கணக்கில் விரிந்து கிடக்கும் அந்தப் பச்சை, யானையைப் பொறுத்தவரை வெறும் பாலைவனம். அதனால் புல்லும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்கும் இந்தக் கரை அவற்றுக்குப் பெரிய விஷயம். குட்டிகளோடு இறங்கும், குளிக்கும், அக்கரைக்கு நீந்தியும் போகும். பார்ப்பதற்கு அதைவிட அற்புதமான காட்சி இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. யானை இறங்கும் இடம் என்று தெரிந்ததும் மனிதர்களும் அங்கேயே இறங்கினார்கள். மின் வாரியத்தின் நீர்மின் சுற்றுலாப் பிரிவு படகு விட்டது. கரையோரம் கடைகள், மேலே விடுதிகள், விடுதிகளுக்கு வேலி.

இதற்கும் முன்பே இன்னொரு தவறு நடந்திருந்தது. 2000களின் தொடக்கத்தில், நிலமற்ற ஆதிவாசிகளுக்கு நிலம் வழங்கும் திட்டத்தில் சின்னக்கானலில் 301 குடும்பங்களைக் குடியேற்றியது அரசு. அந்த இடத்துக்கே '301 காலனி' என்று பெயர் வந்துவிட்டது. அது யானைகள் காட்டிலிருந்து தேக்கத்துக்கு வந்து போகும் பாதை, இங்கே குடியேற்ற வேண்டாம் என்று வனத்துறை அதிகாரி ஒருவர் அப்போதே எச்சரித்திருந்தார். எச்சரிக்கை கோப்பில் தங்கியது, மக்கள் காட்டில் தங்கினார்கள். வீடுகள் உடைந்தன, உயிர்கள் போயின. பல குடும்பங்கள் பட்டாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விட்டன. நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுக்கும்போது, வேறு யாரும் வேண்டாம் என்று விட்ட நிலத்தைக் கொடுப்பதுதான் நம் அரசுகளின் வழக்கம்.

இங்குள்ள யானைகளுக்கு மக்கள் வைத்த பெயர்களே ஒரு வரலாறு. பலாப்பழம் தேடி வருவது சக்கைக்கொம்பன். வால் முறிந்தது முறிவாலன் கொம்பன். அரிசிக்காக ரேஷன் கடையையும் சமையலறையையும் உடைப்பது அரிக்கொம்பன். பன்னியார் எஸ்டேட்டில் இருந்த ரேஷன் கடையை அது எத்தனை முறை உடைத்தது என்பதற்குத் தோட்டத் தொழிலாளர்கள் தனிக் கணக்கு வைத்திருந்தார்கள். உடைந்தது கடைச் சுவர் மட்டுமல்ல, அந்த வாரத்து அடுப்பும்தான்.

2023 ஜனவரி 25 அன்று நடந்த சாவு இந்த மலையை உலுக்கியது. வனத்துறையில் காவலராக இருந்த ஒருவர், சாந்தன்பாறைப் பக்கத்துத் தமிழர். சாலையில் நின்று வாகனங்களை மறித்த யானையிடம் நயமாகப் பேசி, அதட்டி, காட்டுக்குள் திருப்பி அனுப்பிய வீடியோ மூலம் கேரளம் முழுக்க அறியப்பட்டவர். அன்று காலை பன்னியார் எஸ்டேட்டில் இறங்கிய யானைக் கூட்டத்தைப் பார்க்கப் போனவரை ஒரு யானை கொன்றது. யானையின் குணம் அறிந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஜன்னலை இறக்கி செல்போனை நீட்டுகிறவர்களின் தைரியத்தை என்னவென்று சொல்வது?

அதன்பின் நடந்தவை நாடறிந்தவை. அரிக்கொம்பனைப் பிடித்துக் கும்கியாக்குவதா, வேறு காட்டில் விடுவதா என்று கேரள உயர் நீதிமன்றம்வரை போனது வழக்கு. யானையின் வாழிடத்தில் மக்களைக் குடியேற்றியதுதான் பிரச்னையின் வேர் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்தில் விடலாம் என்று நிபுணர் குழு சொன்னதும், பாலக்காட்டின் முதலமடையில் போராட்டம் வெடித்தது. எங்கள் ஊருக்கு எதற்கு உங்கள் யானை? நியாயமான கேள்விதான். கடைசியில் 2023 ஏப்ரல் 29 அன்று, நான்கு கும்கிகள் சூழ்ந்து நிற்க, மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மாநில எல்லை யானைக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்குள், மே 27 அன்று, அது தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. காயமடைந்த ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5ல் தமிழக வனத்துறை அதை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டின் மேல் கோதையாறு பகுதியில் கொண்டுபோய் விட்டது. முறிவாலன் கொம்பன் 2024 செப்டம்பரில் இறந்தது. சக்கைக்கொம்பனோடு நடந்த சண்டையில் பட்ட காயங்கள்தான் காரணம். ஆனையிறங்கலில் படகுச் சவாரியும் 2023ல் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு நின்றது. படகு நின்றதில் கரையோரக் கடைக்காரர்களுக்கு நஷ்டம். அதையும் சொல்லத்தான் வேண்டும். யானைக்காக வருமானத்தை இழக்கும்படி அவர்களிடம் சொன்னவர்கள், மாற்று வழி என்ன என்பதை அதே வேகத்தில் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆனைமலையில், வால்பாறைத் தோட்டங்களிலும் இதே தேயிலை, இதே யானை, இதே தமிழ்த் தொழிலாளி. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆராய்ச்சியாளர்கள் வனத்துறையோடு சேர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்பதை மாலையில் குறுஞ்செய்தியாக அனுப்பவும், உயரமான இடத்தில் சிவப்பு விளக்கை எரியவிட்டு எச்சரிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். யானையைத் துரத்தவில்லை. இருட்டில் அதன்மீது மோதிக்கொள்ளாமல் வீடு திரும்ப மனிதர்களுக்கு வழி சொன்னார்கள். யானையால் ஏற்படும் சாவுகள் பலவும் எதிர்பாராமல் எதிரெதிரே வந்துவிடுவதால் நடப்பவை. இதைப் புரிந்துகொள்ள அவர்கள் ஒவ்வொரு சாவும் எப்படி நடந்தது என்று வருடக்கணக்கில் பார்த்தார்கள். சின்னக்கானலில் ஒரு யானையை வெளியேற்றக் காட்டிய அவசரத்தில் பாதியை இந்தப் பொறுமைக்குக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாந்தன்பாறைக்கு அகில இந்தியப் புகழ் கொண்டுவந்தது யானை அல்ல, ஒரு பூ. 2022 அக்டோபரில், ஊரையொட்டிய கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும், திணைக்கே பெயர் தந்த அதே செடி. மூணாறு அருகே இரவிகுளத்தில் 2018ல் பூத்தபோது ஆகஸ்ட் வெள்ளம் வந்து எல்லாச் சாலைகளையும் அடைத்துவிட்டது. பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் குறைவு. அந்த ஏக்கம் முழுவதும் நான்கு ஆண்டு கழித்து கள்ளிப்பாறையில் வந்து இறங்கியது. நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான் ஏற வேண்டும். செங்குத்து என்றாலும் பாட்டிகளும் ஏறினார்கள். மூணாறிலிருந்து கேரள அரசு பஸ் தனியாக விட்டது. ஜீப்புகள் ஷட்டில் அடித்தன. ஆள் நிற்க இடமில்லாத சாலையில் போக்குவரத்து மணிக்கணக்கில் முடங்கியது. ஏலக்காய்க் கூலிகளின் ஜீப்புகளும் அதில் சிக்கி நின்றன.

மேலே போனால் மலைமுழுதும் நீலம். அதற்கு உவமை தேடுவது வீண். ஆனால் கீழே இறங்கியவர்களில் பலர் கையில் ஒரு கொத்து. சிலருடைய கார் பானெட்டில் மாலையாக. பிளாஸ்டிக் பாட்டில்களையும் பை பையாகக் குப்பையையும் மலையிலேயே விட்டுவிட்டு, பூவை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ரோஜாவைப் பறித்தால் அடுத்த வாரம் இன்னொன்று பூக்கும். குறிஞ்சி அப்படியல்ல. வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை விட்டு, செடி செத்துப்போகும். மண்ணில் விழுந்த விதைதான் அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்கு வளர்ந்து மறுபடி பூக்க வேண்டும். பறித்த பூ, 2034ல் அங்கே இருக்க வேண்டிய ஒரு செடி. அண்மையில் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தாவரங்கள் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் சேர்ந்துவிட்டது. இனிப் பறித்தால் அபராதம், சிறை. கள்ளிப்பாறையில் 2022ல் பறித்தவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

ஆறுதலான விஷயம், குறிஞ்சி எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. சாந்தன்பாறை ஊராட்சியிலேயே ஷாலோம் குன்றில் 2021ல் பூத்தது. வெவ்வேறு சரிவு, வெவ்வேறு கணக்கு. குறிஞ்சி இனங்களும் ஒன்றல்ல, பல. கள்ளிப்பாறையிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். மலையில் வாழும் முதுவர்கள் குறிஞ்சி பூத்த தடவைகளை வைத்தே வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அந்தக் கணக்குப்படி பார்த்தால், கள்ளிப்பாறையைக் கெடுத்த நாம் எல்லோரும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகள்தான்.

பூப்பாறையையொட்டி இருக்கிறது மதிகெட்டான் சோலை. உள்ளே போனவன் வழி தெரியாமல் மதி கெட்டு அலைவான் என்பதால் இந்தப் பெயர். காட்டை ஆக்கிரமித்து ஏலக்காய் போட்டவர்கள்மீது 2002ல் கிளம்பிய பெரும் சர்ச்சைக்குப் பிறகு, 2003ல் இது தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர்தான். பெரிய எஸ்டேட் ஒன்றின் அளவு. ஆனால் பன்னியாற்றின் ஓடைகள் பலவற்றுக்குத் தாய்வீடு. டிக்கெட் வாங்கி சஃபாரி போகும் இடம் அல்ல என்பதே இதன் அதிர்ஷ்டம். சாலையில் நின்று பார்த்தாலே போதும். கரும்பச்சைக்கும் ஏலத்தோட்டத்தின் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆறோ அவ்வளவு அதிர்ஷ்டசாலி அல்ல. பூப்பாறை கடைவீதியில் பன்னியாற்றுப் புறம்போக்கிலேயே கடையும் வீடும் எழும்பியிருந்தன. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 பிப்ரவரியில் அதிகாரிகள் அவற்றைக் காலி செய்ய வந்தபோது ஊரே திரண்டு எதிர்த்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடும்பன்சோலை அருகே சதுரங்கப்பாறை: காற்றாலைகள் சுழலும் மேட்டின் விளிம்பில் நின்றால் தமிழ்நாடு காலடியில் கிடக்கும். தேவாரம், போடி, தேனி, தூரத்தில் ஏதோ ஒரு கண்மாயின் மினுக்கம். காற்று ஆளைத் தள்ளும், குழந்தைகளின் கையை விட வேண்டாம். கொழுக்குமலை: தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறுவது சூரியநெல்லியிலிருந்து. சூரியோதயம் பிரமாதம், பாதை எலும்பை எண்ண வைக்கும். முதுகுவலிக்காரர்கள் யோசிக்கவும்.

இடுக்கி ஏலக்காய் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. சாலையோரக் கடையில் பளிச்சென்ற பச்சையைப் பார்த்து மயங்காதீர்கள். காய் பருமனாக, அழுத்தினால் நெரியாமல், உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். விலை அன்றாடம் மாறும். தீர்மானிப்பது போடியிலும் வண்டன்மேடு அருகே புற்றடியிலும் நடக்கும் ஏலம். ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் வேண்டும். அத்தனையும் செடியின் அடியில், தரையை ஒட்டிப் படர்ந்த கொத்தில் காய்ப்பவை. குனிந்தோ உட்கார்ந்தோதான் பறிக்க வேண்டும். முற்றியதை மட்டும் கை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே செடிக்குச் சில வாரங்கள் கழித்து மறுபடி வர வேண்டும். இந்தத் தேர்ச்சி இயந்திரத்துக்கு இன்னும் வரவில்லை. காலையில் சோதனைச் சாவடியில் பார்த்த அந்தப் பெண்களின் விரல்களில் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மூணாறு-போடிமெட்டு சாலை இப்போது அகலமாகிவிட்டது. விரிவாக்கத்துக்காகக் கணவாய்ப் பகுதியில் மலையை வெட்டியபோது 2019லும் 2020லும் பாறைகள் சரிந்து உயிர்களும் போயின, சாலையும் மாதக்கணக்கில் அடைபட்டது. 2024 ஜனவரியில் முறைப்படி திறந்துவைத்தார்கள். அகலமான சாலையில் வேகம் கூடுகிறது, இருட்டில் சாலையைக் கடக்கும் யானை அதே நிதானத்தில்தான் கடக்கிறது. ஆகவே சூரியநெல்லி, ஆனையிறங்கல், பூப்பாறை வட்டாரத்தில் அந்தி சாய்ந்தபின் வண்டி ஓட்ட வேண்டாம். யானையைப் பார்த்தால் இறங்க வேண்டாம், ஹாரன் அடிக்க வேண்டாம், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பின்னால் எடுக்க இடம் விட்டு நிறுத்துங்கள். பருவமழையில் அட்டை கடிக்கும், செப்டம்பருக்குப் பிறகு வருவது உத்தமம். யானை கண்ணில் படாவிட்டால் ஏமாற்றப்பட்டதாக விடுதிக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அவர் கட்டிய வேலியால்தான் அது சுற்றிப் போயிருக்கும்.

மாலை நான்கு மணியிலிருந்து ஜீப்புகள் திரும்ப ஆரம்பிக்கின்றன. தூக்குவாளி காலி, விரல் நுனிகளில் ஏலக்காய்க் கறை. வெளிச்சம் இருக்கும்போதே போடிமெட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பது ஓட்டுநர்களின் கணக்கு. அந்த நேரத்தில் ஆனையிறங்கல் திருப்பத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லோரும் சூரிய அஸ்தமனத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.